தோலில் எழுதிய நிலம்

ஆஸ்திரேலியக் கடைகளில் விற்கப்படும் சருமப் பராமரிப்புப் பொருட்களின் அட்டைப்பெட்டிகள் மீது புள்ளிகளும் வட்டங்களும் வளைகோடுகளும் நிறைந்த ஓவியங்கள் அச்சிடப்படுவதும், அவற்றின் ஓரத்தில் முதற்குடி ஓவியர் ஒருவரின் பெயரும், விற்பனைத் தொகையில் ஒரு பங்கு இன்ன அறப்பணிக்குச் செல்லும் என்ற அறிவிப்பும் இடம்பெறுவதும் இன்று வழக்கமாகிவிட்டன. முகக்களிம்பு, கைக்களிம்பு, சோப்பு எனப் பொருள் மாறினாலும் ஏற்பாடு ஒன்றுதான்: நிறுவனம் சரக்கைத் தருகிறது, ஓவியர் வடிவத்தைத் தருகிறார், வாங்குபவர் தரும் பணத்தில் ஒரு சிறு பகுதி தொண்டுக்குப் போகிறது. இதை அண்மைக்கால விளம்பர உத்தியாக மட்டும் எடுத்துக்கொள்பவர்களுக்கு, இதன் பின்னால் ஏறத்தாழ 60 ஆண்டுக்கால ஒப்பந்தங்களும் வழக்குகளும் இழப்புகளும் கிடப்பதும், அவற்றுக்கும் முன்பாக, மனிதத் தோலையே வரைபரப்பாகக் கொண்ட மிகப் பழைய ஓவிய மரபு ஒன்று இருப்பதும் கண்ணில் படுவதில்லை.

முதற்குடிகள் என்று ஒரே சொல்லால் குறிக்கப்பட்டாலும், 1788-இல் பிரித்தானியக் குடியேற்றம் தொடங்கியபோது அக்கண்டத்தில் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கின. அம்மொழிகளைப் பேசியவர்களுக்குள்ளும் ஒவ்வொரு குலத்துக்கும் தனக்கென நிலமும், அந்நிலத்துக்குரிய பாட்டும் ஆட்டமும் வடிவங்களும் இருந்தன. கண்டத்தின் நடுவிலுள்ள பாலையில் வாழும் பின்டுபி, லுரிட்ஜா, வார்ல்பிரி முதலிய மக்கள் இந்த முழு அமைப்பையும் ‘ஜுகுர்ப்பா’ என்று அழைக்கின்றனர். மூதாதைகள் நிலத்தின் வழியே நடந்து, மலையையும் ஓடையையும் நீர்ச்சுனையையும் உண்டாக்கி, மணமுறையையும் சடங்கையும் வகுத்து, இறுதியில் அந்நிலத்துக்குள்ளேயே அடங்கிப்போன வரலாறு அது. ‘கனவுக்காலம்’ என்று வெள்ளையர் செய்த மொழிபெயர்ப்பு, நிகழ்ந்து முடிந்துபோன ஏதோ ஒரு கனவைப் போன்ற தோற்றத்தைத் தருவதால், அச்சொல்லைப் பாலைமக்கள் பலர் ஏற்பதில்லை. அவர்களுக்கு ஜுகுர்ப்பா நடப்பில் உள்ள சட்டம். ஒரு சுனையின் கதையைப் பாடவும் வரையவும் யாருக்கு உரிமை உண்டு என்பதும் அச்சட்டத்துக்குள் அடங்கும். வார்ல்பிரி வழக்கில் தந்தைவழியில் அவ்வுரிமை பெற்றவர் ‘கிர்டா’ எனப்படுவார். தாய்வழியில் தொடர்புடையவரான ‘குர்டுங்குர்லு’, அவர் பிழையின்றிப் பாடுகிறாரா, உரிய வடிவத்தை வரைகிறாரா என்று கண்காணிக்கும் பொறுப்புடையவர். ஆகவே ஒரு வடிவத்தை ஒருவர் தனியே ‘சொந்தமாக’ வைத்திருப்பது இயலாத காரியம். வரைபவரின் பக்கத்தில் எப்போதும் இன்னொருவர் இருக்கிறார். பின்னாளில் நீதிமன்றங்களைத் திணறடித்த சிக்கல்களுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

அவ்வடிவங்கள் சடங்கு மணலிலும், பாறையிலும், மரக்கேடயத்திலும் எழுதப்பட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக உடம்பின் மீது எழுதப்பட்டன. பெண்களின் சடங்கையும் அதற்குரிய உடலோவியத்தையும் வார்ல்பிரி மொழி ‘யாவுல்யு’ என்றும் அன்மட்யர் மொழி ‘அவெல்ய’ என்றும் ஒரே சொல்லால் குறிக்கின்றன. செங்காவிக் கல்லையும் வெண்களிமண்ணையும் தட்டைக்கல்லில் இழைத்துப் பொடியாக்கி வைத்துக்கொண்டு, ஈமு அல்லது உடும்பின் கொழுப்பை முதலில் தோள்களிலும் மார்பிலும் மேற்கையிலும் மினுமினுக்கத் தேய்த்து, அந்த ஈரப்பசையின் மேல் விரல் நுனியாலோ சிறு குச்சியாலோ வண்ணக்கோடுகளை இழுக்கும்போது, சுற்றியிருப்பவர்கள் அந்த வடிவத்துக்குரிய பாட்டைப் பாடுகின்றனர். பாட்டு இல்லாமல் கோடு இல்லை. மகளிர் தோளிலும் மார்பிலும் எழுதும் தொய்யிலைச் சங்க இலக்கியத்தின் வழி அறிந்தவர்களுக்கு இக்காட்சி முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் தொய்யில் அகவாழ்வின் அழகு, யாவுல்யுவோ நிலத்தின் மீதான உரிமைப் பத்திரம் போன்றது. சடங்கு முடிந்ததும் அந்த ஓவியம் வியர்வையிலும் புழுதியிலும் கரைந்துவிடும். மணலில் வரைந்தது ஆடுபவர்களின் காலடியில் அழிந்துவிடும். அழிவதற்கென்றே வரையப்பட்ட இந்த ஓவியத்தில், தோலுக்குக் கொழுப்பிட்டுப் பேணுவதும் அதன்மேல் வரைவதும் ஒரே செயலாக இருந்தன என்பது, இன்றைய அட்டைப்பெட்டிகளை எண்ணிப் பார்க்கையில், சற்று வியப்பூட்டும் செய்தி.

இங்கே ஒரு சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலைமக்கள் பேசும் ஆங்கிலத்தில் ‘ஸ்கின்’ என்பது உடம்பைப் போர்த்திய தோலை மட்டும் குறிப்பதன்று. ஒருவர் பிறந்த உறவுப் பிரிவையும் குறிக்கும். நடுப்பாலையில் அத்தகைய பிரிவுகள் 8. ஒவ்வொன்றிலும் ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு ஒரு பெயர். ஜுபுருலாவின் உடன்பிறந்தவள் நபுருலா. ஜபங்கடியின் உடன்பிறந்தவள் நபங்கடி. ஓவியங்களின் பின்புறத்தில் குடும்பப்பெயர் போல எழுதப்படும் இவை குடும்பப்பெயர்கள் அல்ல. யார் யாரை மணக்கலாம், யார் யாருக்கு மகன் முறை, எந்தக் கதை யாருடைய பொறுப்பு என்பதை ஒரே சொல்லில் சொல்லிவிடும் முறைப்பெயர்கள். ஓர் ஓவியரை அறிமுகப்படுத்தும்போது அவருடைய ‘தோல்’ எது என்று கேட்பதுதான் அங்கே முதல் மரியாதை.

இந்த உலகத்தின் வடிவங்கள் அச்சு இயந்திரத்துக்குள் நுழைந்த வரலாறு பெரும்பாலும் கேட்காமல் எடுத்த வரலாறு. கேட்டு எடுத்த இடத்திலும் கணக்கு நேராக இருந்ததில்லை. ஹெர்மன்ஸ்பர்க் கிறித்தவ மிஷனில் 1902-இல் பிறந்த அர்ரெர்ன்ட ஓவியரான ஆல்பர்ட் நமட்ஜிரா, ஐரோப்பிய நீர்வண்ண முறையில் தம் நாட்டின் மலைகளையும் வெண்மரங்களையும் வரைந்து புகழ்பெற்றவர். 1938-இல் மெல்போர்னில் நடந்த அவரது முதல் தனிக்கண்காட்சியைத் தொடர்ந்து, அவருடைய ஓவியங்களின் அச்சுப்படிகள் ஆஸ்திரேலிய வீடுகளின் சுவர்களை நிறைத்தன. குடிமக்களாகவே கருதப்படாத மக்களிடையே அவருக்கு விதிவிலக்காக 1957-இல் குடியுரிமை அளிக்கப்பட்டது, மறு ஆண்டே, உறவினருக்கு மது கொடுத்தார் என்ற குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார், 1959-இல் இறந்தார். அவருடைய பதிப்புரிமையை, அதாவது ஓவியங்களைப் படியெடுத்து விற்கும் உரிமையை, அரசு அறங்காவலர் 1983-இல் 8,500 டாலருக்கு ஒரு பதிப்பகத்துக்கு விற்றுவிட்டதால், அவருடைய பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டனாரின் ஓவியத்தை அச்சிடப் பிறர் அனுமதியைக் கோர வேண்டிய நிலை வந்தது. நீண்ட பேச்சுக்குப் பின் 2017-இல் அவ்வுரிமை 1 டாலர் விலைக்கு நமட்ஜிரா மரபு அறக்கட்டளைக்குத் திரும்பியது.

அந்த 1 டாலருக்கு இந்த வரலாற்றில் வேறொரு முன்கதை உண்டு. ஆஸ்திரேலியா பவுண்டிலிருந்து தசம நாணய முறைக்கு மாறிய 1966 பிப்ரவரி 14 அன்று வெளியான ஒரு டாலர் தாளின் பின்புறத்தில், நாட்டின் வடக்கிலுள்ள ஆர்ன்ஹெம் நிலத்து மரப்பட்டை ஓவியம் ஒன்று அச்சாகியிருந்தது. குர்மிரிங்கு என்னும் மூதாதை வேட்டைக்காரனின் ஈமச்சடங்கைக் காட்டும் அந்த ஓவியத்தை வரைந்தவர் டேவிட் மலங்கி. அவர் அப்போது உயிரோடும் உடல்நலத்தோடும் தம் ஊரில் இருந்தார். ஆனால் அந்தப் பட்டையை வாங்கிய ஐரோப்பிய சேகரிப்பாளர் வழியாக அதன் நிழற்படம் ரிசர்வ் வங்கியை அடைந்தபோது, என்றோ மறைந்த பெயரற்ற ஒருவரின் கைவேலை அது என்று அங்கிருந்தவர்கள் நினைத்துக்கொண்டதால், அனுமதி கேட்க வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் எழவில்லை. தவறு தெரியவந்ததும் வங்கியின் ஆளுநர் எச். சி. கூம்ப்ஸ் அவருக்கு 1,000 டாலரும் ஒரு பதக்கமும் தூண்டில் சாமான்கள் அடங்கிய ஒரு பெட்டியும் வழங்கினார். நாட்டின் ஒவ்வொரு சட்டைப்பையிலும் புழங்கிய ஓவியத்துக்குத் தூண்டில் பெட்டி ஈடாகுமா என்ற கேள்வியை எளிதில் எள்ளலாகக் கேட்டுவிடலாம். எனினும் முதற்குடி ஓவியர் ஒருவருக்கு அவருடைய வடிவத்துக்காக ஓர் அரசு நிறுவனம் கைமாறு செய்தே ஆக வேண்டும் என்று ஒப்புக்கொண்ட தொடக்கங்களில் அது ஒன்று என்பதால், சட்ட வரலாற்றாசிரியர்கள் அந்தப் பெட்டியை மறப்பதில்லை.

பாலையின் ஓவியம் சந்தைக்கு வந்தது சற்றுப் பின்னர். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவில், பல்வேறு பாலைமக்களை ஓரிடத்தில் குடியமர்த்துவதற்காக அரசு அமைத்த பாப்புன்யா என்னும் குடியிருப்பில், 1971-இல் ஜெஃப்ரி பார்டன் என்னும் பள்ளி ஆசிரியரின் ஊக்கத்தால், ஊரின் மூத்த ஆண்கள் பள்ளிச்சுவரில் தேனெறும்பின் ஜுகுர்ப்பாவை வரைந்தனர். வயிற்றில் இனிப்புச்சாற்றைத் தேக்கி வைக்கும் தேனெறும்பு, பாலையில் தோண்டி எடுத்து உண்ணப்படும் தின்பண்டம். பாப்புன்யா அதன் கதை நிகழ்ந்த இடம். அதே ஆண்டில் காபா ஜம்பிஜின்பாவின் ஓவியம் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஒரு பரிசைப் பகிர்ந்துகொண்டது. அதன்பின் ஆண்கள் கைக்குக் கிடைத்த அட்டைப்பலகை, தரை ஓடு, பழப்பெட்டியின் மூடி என எதையும் விடாமல் வரையத் தொடங்கினர். 1972-இல் ஓவியர்களே பங்குதாரர்களாக ‘பாப்புன்யா டூலா’ என்ற நிறுவனம் உருவானது. பள்ளிச்சுவர் ஓவியம் மட்டும் 1974-இல் வெள்ளையடிக்கப்பட்டு மறைந்தது.

தொடக்கக்காலப் பலகைகள் சிலவற்றில், சடங்கேற்ற ஆண்கள் மட்டுமே பார்க்கத்தக்க பொருட்கள் வெளிப்படையாக வரையப்பட்டிருந்தன; அவை கண்காட்சியில் வைக்கப்பட்டபோது பிற முதற்குடி ஆண்கள் கடும் சினம் கொண்டனர். அடுத்த சில ஆண்டுகளில் அத்தகைய உருவங்கள் மறைய, புள்ளிகள் பெருகிப் பரப்பு முழுவதையும் மூடின. மறைக்க வேண்டியதை மறைப்பதற்கே புள்ளிகள் பெருகின என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். உலகம் இன்று ‘முதற்குடிக் கலை’யின் அடையாளமாகக் கொண்டாடும் புள்ளி, ஓரளவேனும் ஒரு திரை என்பதை, அதைச் சோப்பு உறையில் அலங்காரமாக அச்சிடுபவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

பணம் எங்கே போனது என்பதற்கு ஒரே ஓவியம் போதும். ஜானி வரங்குலா ஜுபுருலா 1972-இல் வரைந்த, கலிபின்யா என்னும் இடத்தின் நீர் ஜுகுர்ப்பாவைக் காட்டும் பலகை அக்காலத்தில் 150 டாலருக்கு விலைபோனது. 1997-இல் ஏலத்தில் 206,000 டாலருக்கும், 2000-இல் 486,500 டாலருக்கும் கைமாறியது. அவ்விரண்டு ஏலங்களின்போதும் உயிரோடிருந்த முதிய ஓவியருக்கு அந்த விலையில் சட்டப்படி ஒரு காசும் உரியதாக இருக்கவில்லை. மறுவிற்பனையில் ஓவியருக்கு 5 விழுக்காடு சேர வேண்டும் என்னும் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஜூன் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. வரங்குலா 2001-இலேயே காலமாகிவிட்டார்.

பொருட்களின் மீது அச்சிடும் வழக்கத்துக்கு உண்மையான எல்லை கட்டியது 1994-இல் வந்த ஒரு தீர்ப்பு. பெர்த் நகர நிறுவனம் ஒன்று வியட்நாமில் நெய்து இறக்குமதி செய்த கம்பளங்களில், அரசு நிறுவனங்கள் கல்விக்காக வெளியிட்ட படத்தொகுப்பில் இருந்த ஓவியங்கள் அப்படியே அல்லது சிறிது மாற்றப்பட்டு இடம்பெற்றிருந்தன. வழக்குத் தொடுத்தவர்களில் ஆர்ன்ஹெம் நிலத்து ஜார்ஜ் மில்புருரு, யொல்ங்கு ஓவியரான பண்டுக் மரிகா, பாப்புன்யா டூலாவின் டிம் பயுங்கா ஜபங்கடி ஆகியோரும், மறைந்த ஓவியர்கள் சார்பில் அரசு அறங்காவலரும் இருந்தனர். கம்பளம் காலால் மிதிக்கப்படுவது. மரிகாவின் ஓவியமோ அவருடைய குலத்தின் படைப்புக்கதை நிகழ்ந்த புனிதச் சுனையைப் பற்றியது. தமக்குத் தெரியாமல் நடந்த பிழையே ஆனாலும், குலத்தின் முன் அதற்கு ஓவியரே பொறுப்பாளி என்பதும், வரையும் உரிமையே பறிக்கப்படலாம் என்பதும் நீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டன. நீதிபதி வான் டூசா 188,000 டாலருக்கும் மேற்பட்ட இழப்பீட்டை, பண்பாட்டு வழியில் நேர்ந்த கேட்டையும் கணக்கிலெடுத்து வழங்கியதோடு, ஓவியர்கள் தங்கள் வழக்கப்படி பிரித்துக்கொள்ளும் வகையில் அதை ஒரே தொகையாக வழங்கினார்.

அந்தக் கம்பளங்களில் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்த சிறு சீட்டு இக்கட்டுரைக்கு நெருக்கமானது. விற்கும் ஒவ்வொரு கம்பளத்துக்கும் முதற்குடி ஓவியர்களுக்கு உரிமத்தொகை செலுத்தப்படுகிறது என்ற பொருள்பட அதில் எழுதியிருந்தது. அப்படி எதுவும் செலுத்தப்படவில்லை. வாங்குபவரின் நல்லெண்ணத்தைத் தூண்டி விற்பனையைப் பெருக்கும் வாசகத்துக்கு ஒரு விலை உண்டு என்பதையும், அது பொய்யாக எழுதப்படக்கூடியது என்பதையும் அந்தச் சீட்டு காட்டிக்கொடுத்தது. நான்காண்டு கழித்து, தாமரைக்குளத்தில் மேயும் வாத்துகளை வரைந்த ஜான் புலுன் புலுனின் ஓவியத்தைத் துணியில் அச்சிட்ட வழக்கில், பதிப்புரிமை ஓவியருடையதே ஆயினும், அவ்வடிவத்தைக் குலத்தின் நலனுக்கு மாறாகப் பயன்படுத்தாதிருக்கும் நம்பிக்கைப் பொறுப்பு அவருக்கு உண்டு என்று நீதிமன்றம் கூறியது. கிர்டாவுக்குப் பக்கத்தில் நிற்கும் குர்டுங்குர்லுவை ஆங்கிலச் சட்டம் ஓரக்கண்ணால் பார்த்த முதல் தருணங்களில் அது ஒன்று என்று சொல்லலாம்.

2000-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் படைப்பாளியின் தார்மிக உரிமைகள் சேர்க்கப்பட்டன: பெயர் போடப்பட வேண்டும், படைப்பு சிதைக்கப்படக் கூடாது. இன்று ஒரு சருமப் பொருள் நிறுவனம் ஓவியரோடு முறையாக உடன்படிக்கை செய்யும்போது, எந்தப் பொருளுக்கு, எத்தனை காலத்துக்கு, எந்தெந்த நாட்டில் என்று வரையறுத்த உரிமம் எழுதப்படுகிறது. முன்பணமோ விற்பனையில் பங்கோ குறிக்கப்படுகிறது. அச்சுக்குப் போகுமுன் மாதிரி ஓவியரின் ஒப்புதலுக்கு வருகிறது. இந்தக் கடைசி விதியே நடைமுறையில் அதிகத் தகராறுக்கு இடமாவது. குழாய் வடிவ லோஷன் டப்பியைச் சுற்றி ஒட்டுவதற்காக ஓவியத்தின் ஓரம் வெட்டப்படுகிறது. வெட்டப்பட்ட ஓரத்தில் ஒரு நீர்ச்சுனை இருந்திருக்கலாம், கதை அங்கே தொடங்கியிருக்கலாம். பிராண்டின் நிறத்துக்குப் பொருந்தும் வகையில் செங்காவி இளஞ்சிவப்பாக மாற்றப்படுகிறது. வடிவமைப்பாளருக்கு இவை அழகுக்கணக்கு. ஓவியருக்கு, பாட்டின் நடுவே அடிகளை விட்டுவிட்டுப் பாடியதைப் போன்றது. முதற்குடி வழக்கறிஞர் டெர்ரி ஜான்கே 1998-இல் அளித்த அறிக்கை முதல் தொடர்ந்து வலியுறுத்திவருவதும் இதைத்தான்: ஒப்புதல் ஒருமுறை வாங்கிப் பெட்டியில் வைக்கும் கையெழுத்தாக இல்லாமல், ஒவ்வொரு கட்டத்திலும் கேட்கப்பட வேண்டும். இவ்வளவுக்குப் பின்னும், 2019–20-இல் முதற்குடிக் கலையின் பாணியில் விற்கப்பட்ட நினைவுப்பொருட்களில் பாதிக்கு மேற்பட்டவை முதற்குடியினரின் பங்கேதுமின்றித் தயாரானவை என்று ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2022-இல் கண்டது.

சருமப் பொருள் நிறுவனங்கள் பட்டிருக்கும் கடன் வடிவத்தோடு முடிவதுமில்லை. பெட்டியின் வெளியே ஓவியம் என்றால், உள்ளே இருக்கும் களிம்பில் செடி. வடக்கு ஆஸ்திரேலியாவில் விளையும், சி உயிர்ச்சத்து மிகுந்த காகடு பிளம் என்னும் பழத்தைக் கிம்பர்லி பகுதி மக்கள் ‘குபிஞ்ச்’ என்று அழைத்து உணவாகவும் மருந்தாகவும் பயன்படுத்திவந்தனர். அதன் சாற்றைச் சருமப் பூச்சில் சேர்ப்பதற்கு அமெரிக்க ஒப்பனைப் பொருள் நிறுவனம் ஒன்று ஆஸ்திரேலியாவில் காப்புரிமை கோரி விண்ணப்பித்து, எதிர்ப்பு கிளம்பியபின் 2011-இல் விலக்கிக்கொண்டது. மரபறிவைப் பயன்படுத்துவோர் அதன் உரியவர்களோடு பயனைப் பகிர வேண்டும் என்னும் பன்னாட்டு நகோயா உடன்படிக்கை அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஏற்கப்பட்டிருந்தது. ஓவியத்துக்குப் பணம் கொடுத்து, அதே பெட்டிக்குள் இருக்கும் செடியின் அறிவுக்கு எதுவும் கொடுக்காமல், மிச்சத்தை ‘தொண்டு’ என்று பெயரிட்டு வழங்கும் ஏற்பாட்டில், யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பது தலைகீழாகிப் போகிறது. இந்தத் தலைகீழ்ப் பார்வையை நேராக்கிக் காட்டும் நிகழ்வு பாலையிலேயே நடந்திருக்கிறது. அதை நிகழ்த்தியவர்கள் பாப்புன்யா டூலா ஓவியர்களே.

பின்டுபி மக்களில் பலர் 1981-இல் பாப்புன்யாவை விட்டுத் தங்கள் பழைய நிலத்துக்குத் திரும்பி, ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே 500 கிலோமீட்டருக்கும் அப்பால் கின்டோர் என்னும் ஊரையும், பின்னர் அதற்கும் மேற்கே, மேற்கு ஆஸ்திரேலிய எல்லைக்குள், கிவிர்குராவையும் அமைத்தனர். அங்கே அவர்களைச் சூழ்ந்தது சிறுநீரக நோய். அதன் காரணங்கள் பல: சர்க்கரை நோய், குறைந்த பிறப்பெடை, நெருக்கடியான வீடுகள். அவற்றில் ஒன்று தோலிலேயே தொடங்குவது. நெருக்கடியான வீட்டில் போதிய நீரின்றி வளரும் குழந்தைகளுக்குச் சொறியும் புண்ணும் பற்ற, அப்புண்களில் தங்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு எதிராக உடல் எழுப்பும் எதிர்வினை சிறுநீரகத்தின் வடிகட்டிகளை வீங்கச் செய்கிறது. குழந்தை தேறிவிட்டாலும், பல ஆண்டு கழித்துச் சிறுநீரகம் பழுதாகும் வாய்ப்பு கூடுகிறது. பழுதானவருக்கு டயாலிசிஸ், அதாவது இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் சிகிச்சை, வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கைந்து மணி நேரம் தேவை. இயந்திரம் இருந்தது ஆலிஸ் ஸ்பிரிங்ஸில். ஆகவே நோயாளி ஊரை விட்டு, பேரக்குழந்தைகளை விட்டு, தாம் பாடிக் காக்க வேண்டிய நிலத்தை விட்டு, சாகும்வரை அந்நகரத்தின் ஓரத்தில் தங்க வேண்டியிருந்தது. சிலர் சிகிச்சையைக் கைவிட்டு, இறப்பதற்காகவே ஊர் திரும்பினர்.

கின்டோரில் இயந்திரம் வைக்க அரசு முன்வராத நிலையில், ஓவியர்கள் தங்களிடம் இருந்ததை எடுத்தனர். கின்டோர் ஆண்கள் சேர்ந்து ஒன்று, கின்டோர் பெண்கள் சேர்ந்து ஒன்று, கிவிர்குரா ஆண்கள் ஒன்று, பெண்கள் ஒன்று என நான்கு பெரிய கித்தான்கள் கூட்டாக வரையப்பட்டன. தனித்தனியே பெயர்பெற்ற ஓவியர்கள் ஒரே துணியைச் சுற்றி அமர்ந்து, அவரவர் நிலத்துக்குரிய பகுதியை அவரவர் வரைந்த இந்த ஓவியங்கள், சடங்கு மணலைச் சுற்றிக் கூடும் பழைய முறையையே ஒத்திருந்தன. ஒலிம்பிக் போட்டிகள் நடந்த 2000-ஆம் ஆண்டில், சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் பாப்புன்யா டூலாவின் பெருங்கண்காட்சி நடைபெற்ற காலத்தில், நவம்பரில் அங்கு நடந்த ஏலத்தில் இவையும் பிறர் கொடையளித்த பொருட்களும் 10 இலட்சம் டாலருக்கு மேல் திரட்டின. அத்தொகையைக் கொண்டு அவர்கள் 2003-இல் பதிவுசெய்த அமைப்பின் பின்டுபிப் பெயர், நம் குடும்பத்தார் எல்லோரையும் நலமாக்குதல் என்று பொருள்படும். 2004-இல் கின்டோரில் முதல் நோயாளி, தம் ஊரில், தம் மக்கள் நடுவே, இயந்திரத்தின் பக்கத்தில் அமர்ந்தார்.

ஊதா நிறம் பூசிய கட்டடத்தில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இயங்குவதால் ‘பர்ப்பிள் ஹவுஸ்’ என்று வழங்கும் அந்த அமைப்பு, பின்னர் டயாலிசிஸ் இயந்திரங்களைச் சுமந்து ஊர் ஊராகச் செல்லும் லாரி ஒன்றை 2011 முதல் ஓட்டியது. பல தொலைதூர ஊர்களில் சிகிச்சையகங்களை நிறுவியது. அரசின் மெடிகேர் காப்பீடு, மிகத் தொலைவான ஊர்களில் செய்யப்படும் டயாலிசிஸுக்குத் தனிக்கட்டணம் வழங்கத் தொடங்கியது 2018 நவம்பரில்தான். அதாவது ஓவியங்கள் விற்ற 18 ஆண்டுகளுக்குப் பிறகு. இதற்கிடையே, கிவிர்குரா ஆண்களின் கித்தானில் கைவைத்த பேட்ரிக் ஜுங்குராயி தாமே சிறுநீரக நோயாளியானார். அவருடைய ஊர் மேற்கு ஆஸ்திரேலியாவில் இருந்ததால், எல்லை கடந்து அருகிலிருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் சிகிச்சை மறுக்கப்பட்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள தம் மாநில நகரங்களுக்குப் போகுமாறு சொல்லப்பட்டது. ஜுகுர்ப்பாவில் இல்லாத ஒரு கோடு, வரைபடத்தில் நேராக இழுக்கப்பட்ட மாநில எல்லை, அவரை மறித்தது. அவர் அதை எதிர்த்து வெளிப்படையாகப் பேசி, எல்லைக்கொள்கையின் அபத்தத்தை நாடறியச் செய்தார்.

அந்த ஊதா வீட்டில்தான் களிம்பும் பிறந்தது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குத் தோல் வறண்டு ஓயாமல் அரிக்கும். டயாலிசிஸுக்கு இடைப்பட்ட நாட்களில் நகரத்தில் வேலையின்றி அமர்ந்திருந்த மூதாட்டிகள் தங்களுக்கும் புதிதாக வந்த நோயாளிகளுக்குமாகக் காட்டு மருந்து செய்யத் தொடங்கினர். இர்மங்கா-இர்மங்கா எனப் பிட்ஜன்ட்ஜாட்ஜாரா மக்கள் அழைக்கும் எரிமோஃபிலா இனப் புதரின் ஒடுங்கிய இலைகளைப் பறித்து, முன்பு இடித்துக் கொழுப்பில் குழைத்த இடத்தில் இப்போது எண்ணெயில் ஊறவைத்து, வடித்து, தேன்மெழுகு சேர்த்து இறுகவிட்டுச் சிறு டப்பிகளில் ஊற்றுகின்றனர். அர்ரெர்ன்ட மக்களின் ‘அர்ரெத்த’ என்னும் செடியும் அவ்வாறே சேர்கிறது. சளிக்கு மார்பிலும், வலிக்கு மூட்டிலும், அரிப்புக்கு எங்கும் தேய்க்கலாம். விற்ற பணம் பறித்தவர்களுக்கும் செய்தவர்களுக்கும் சிகிச்சை அமைப்புக்கும் போகிறது. வெளியார் நிறுவனம் எதுவும் நடுவில் இல்லாத இந்த ஏற்பாட்டில் ஓவியர், மருத்துவர், நோயாளி, வணிகர் என்ற பங்குகள் பலமுறை ஒரே ஆளிடம் வந்து சேர்வதால், இதில் யார் கொடையாளி என்று பிரித்துச் சொல்வது கடினம். இலை காட்டில் தானாக முளைப்பது. எந்தப் புதரை எப்போது, எவ்வளவு ஒடிக்கலாம் என்பது அந்நிலத்துக்கு உரியவர்களுக்குத் தெரியும். மழை பொய்த்த ஆண்டில் இலை குறைவு, ஆகவே டப்பியும் குறைவு. கடையில் கேட்பவர்கள் அடுத்த மழைவரை காத்திருக்க வேண்டியதுதான்.